கண்ணுக்கு மட்டும்

பல்வலியில் ஒரு மனுஷன் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். முட்டிக்கொண்டவருக்குக் கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் ஓர் அலமாரி. அதற்குள்ளே கொக்கைன் சொட்டு. ஒரு துளியைப் பஞ்சில் நனைத்து ஈறில் வைத்தால் போதும், அந்த நிமிஷமே வலி மரத்துப்போகும். அலமாரிச் சாவி அவருடைய அரைஞாணில்தான் தொங்கியது. மூன்று நாள் முட்டிக்கொண்டார். கன்னம் வீங்கிக் கண் வரைக்கும் ஏறிவிட்டது. அலமாரியை மட்டும் திறக்கவில்லை.

"ஏனுங்க, உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதா? உங்க மருந்து, உங்க பல்லு. ஒரு துளி வெச்சா எவன் வந்து கேக்கப் போறான்?" என்று கத்தினேன்.

வீங்கின வாயைப் பாதி திறந்து சொன்னார்: "கண்ணுக்கு மட்டும்."

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது கோபம். பிறகுதான் மற்றதெல்லாம் வருகிறது. அந்த மற்றதையும் எழுதித்தானே ஆக வேண்டும்?

முப்பதுகளின் கடைசி அது. பரமத்தியில் சப்-ரிஜிஸ்திரார் கச்சேரிக்கு எதிரே இரண்டு அறை உள்ள ஓட்டுக் கட்டிடம் ஒன்று இருந்தது. முன்னறையில் நான் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். பின்னறையில் அவர். ஊரில் எல்லாரும் சொட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பேர் எனக்குத் தெரியும். ஆனால் நடந்ததற்குப் பிறகு அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

தம்மம்பட்டிப் பக்கத்து ஆள். எங்கள் ஊர் 'ங்க' அவர் வாயில் கொஞ்சம் இடறும். பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கண் வார்டில் பல வருஷம் காயம் கட்டும் வேலை பார்த்தவர். டாக்டர் இல்லை. வருகிற ஒவ்வொருவரிடமும் அதை முதலில் சொல்லிவிடுவார். "நான் டாக்டர் இல்லை. பட்டம் இல்லை. ரிஜிஸ்தரில் பேரும் இல்லை. தெரிஞ்சு உட்காருங்க." சேலத்தில் ரிஜிஸ்தர் ஆன கண் டாக்டர் ஒருவர் இருந்தார். அவருடைய பொறுப்பில், அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சீட்டின் பலத்தில் இவர் தொழில் நடந்தது. சீட்டுக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

சீட்டில் மூன்று சொட்டு மருந்துகளின் பேர் இருந்தன. கண்ணை மரக்கச் செய்கிற கொக்கைன். கண் பாப்பாவை விரிக்கிற அட்ரோபின். விரிந்த பாப்பாவைச் சுருக்குகிற எஸரின். மூன்றும் விஷம். பட்டம் பெற்ற டாக்டர்தான் அவற்றைத் தொடலாம் என்பது சட்டம். இவர் அந்த டாக்டருக்குப் பதில் கையாக இருந்து கண்ணில் விடலாம், வேறெங்கும் விடக்கூடாது. மீறினால் சீட்டு போகும், மேலே கேஸும் வரும். சீட்டின் கடைசி வரி இங்கிலீஷில் இருந்தது. அதைத்தான் இந்த மனுஷன் தமிழாக்கி நாளுக்கு நாற்பது தரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் எங்கள் சப்-ரிஜிஸ்திரார் காதைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டார். காதில் குடைச்சல். அந்த ஆள் முகம் கோணினால் என் பிழைப்பு நாறிவிடும். நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, மின்விசிறி இல்லாத குறைக்கு ஓலை விசிறியை எடுத்து வீசிக்கொண்டே, "காதுல ரெண்டு சொட்டு விட்டு உடுங்க, சார் பாவம்" என்றேன். சொட்டுக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். மரியாதை எல்லாம் குறைவில்லை. "சார், கண்ணிலே ஏதாச்சும் இருந்தா வாங்க" என்றார். சப்-ரிஜிஸ்திரார் வெளியே போகும்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அந்த மாசம் முழுக்க நான் எழுதின பத்திரத்தில் எல்லாம் அவருக்குக் குற்றம் தெரிந்தது.

பக்கத்தில் காவிரிக்கரை வேலூரில் நாடகக் கம்பெனி ஒன்று கொட்டகை போட்டிருந்தபோது ராஜபார்ட்டுக்கு ஜோடியாக நடித்த அம்மாள் வண்டி வைத்துக்கொண்டு வந்தார். அட்ரோபின் விட்டால் பாப்பா விரிந்து கண் பெரிசாக, கறுகறுவென்று தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "சனிக்கெழம கல்யாண சீனுங்க. ஒரே ஒரு சொட்டு" என்றார். சொட்டுக்காரர் வழக்கப்படி, "கண்ணுக்கு மட்டும்மா" என்றார். "கண்ணுக்குத்தானுங்களே கேக்குறேன்?" என்றார் அந்த அம்மாள். நான் முன்னறையில் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தேன். அவர் சீட்டைப் போய் நின்று படித்தார். நிஜமாகவே படித்தார், ஒரு விரலை வைத்து. பிறகு வந்து, "நோயுள்ள கண்ணுக்கு. உங்க கண்ணு நல்லா இருக்கு" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

இப்படி இருந்தால் ஊரில் யார் மதிப்பார்கள் என்கிறீர்களா? மதித்தார்கள். அவருடைய கை அப்படி. கண்ணில் சொட்டு விடுமுன் புட்டியின் பேரை வாய்விட்டுப் படிப்பார். விட்டபிறகு பெஞ்சில் உட்காரவைத்து, வெளிச்சம் கூசாமல் பச்சைத்துணி கட்டிவிட்டு, பாப்பா பழையபடி ஆகிற வரைக்கும் தடுக்கி விழாமல் பார்த்துக்கொள்வார். வேலைக்காரியானாலும் மிராசுதாரரானாலும் அதே பெஞ்சு, அதே துணி. கண்ணில் உமி விழுந்து, நெல் தூசி விழுந்து, ஊரார் தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் விட்டுக் கெடுத்துக் கொண்டுவந்த கண்கள் எத்தனையோ அந்த பெஞ்சில் பிழைத்தன. சொட்டு எதுவும் அவர் அறையை விட்டு வெளியே போனதில்லை.

ஏன் இப்படி ஒரே பிடியாக இருக்கிறீர்கள் என்று ஒருதரம் கேட்டேன். பட்டணத்து வார்டில் இவருக்கு அடுத்த படுக்கை வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த சிநேகிதன் ஒருவன், நோயாளி பல்வலியில் துடிக்கிறானே என்று இரக்கப்பட்டுக் கொக்கைன் பஞ்சு வைத்தானாம். வலி போய் அந்த நோயாளி எழுந்து உட்கார்ந்து சிரித்தானாம். சிரித்தபடியே சாய்ந்தானாம். "நெஞ்சு நின்னுபோச்சு. எவ்வளவு வைக்கணும்னு அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. கண்ணுக்கு எத்தனை சொட்டுன்னு தெரியும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார். 

இனி என் கதைக்கு வருகிறேன். சேலத்து டாக்டரிடமிருந்து ஒரு கடுதாசி வந்தது. விஷ மருந்து வைத்திருக்கிற புட்டிகள் மேல் ஜனங்களுக்குப் புரிகிற பாஷையில் அது விஷம் என்று ஒட்டியிருக்க வேண்டும், மேலிடத்திலிருந்து பார்க்க வருவார்கள், ஜாக்கிரதை என்று. புட்டிகளில் அதுவரை சிவப்பு இங்கிலீஷ் சீட்டுதான் இருந்தது. எங்கள் ஊரில் அதை யார் கண்டார்கள்? சொட்டுக்காரர் என்னிடம் வந்து, "உங்க எழுத்து முத்து மாதிரி இருக்குமே, 'விஷம்'னு மூணு சீட்டு எழுதித் தாங்க" என்றார். சிவப்பு மையில், பட்டை அடித்து, மூன்று எழுத்தும் கம்பீரமாக நிற்கும்படி எழுதிக் கொடுத்தேன்.

மறுநாளே ரகளை. இவர் வழக்கப்படி புட்டியின் பேரையும், கூடவே 'விஷம்' என்கிற புதுச் சீட்டையும் வாய்விட்டுப் படித்துவிட்டு ஒரு அம்மாள் கண்ணிமையைத் தூக்கியிருக்கிறார். "ஐயோ சாமி, கண்ணுல வெசத்த ஊத்தறானே!" என்று அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு கச்சேரி வாசல் வரை ஓடினாள். அந்த வாரம் பெஞ்சு காலி. கருவிழியில் புண்ணோடு வந்த ஒரு கிழவர் சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்தக் கண் போயே போய்விட்டது. சொட்டுக்காரர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "என்னங்க நீங்க, வெறும் விஷம்னு போட்டா எவன் கண்ணக் காட்டுவான்? பக்கத்துல 'மருந்து'ன்னு ஒரு வார்த்தையச் சேத்துப் போடுவோம். விஷமுன்னும் இருக்குது, மருந்துன்னும் இருக்குது. சட்டத்துக்கும் சரி, சனத்துக்கும் சரி" என்றேன்.

"கடுதாசியில விஷம்னுதானே இருக்கு?"

"விஷமுன்னு எழுத மாட்டேன்னு யாரு சொன்னா? எழுத்துல எனக்குச் சொல்லித் தாரீங்களா? எத்தன பத்திரம் எழுதியிருக்கிறேன்!"

 திரும்பிப் போன கிழவரின் கண்தான் அவர் மனசில் இருந்திருக்க வேண்டும். கடைசியில் தலையை ஆட்டினார். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து உத்தரவில் இருந்ததற்கு மேல் அவர் ஒரு எழுத்து கூட்டிக்கொண்டது அந்த ஒருதரம்தான். நான் புதுச் சீட்டு எழுதினேன். விஷ மருந்து. பெஞ்சு மறுபடியும் நிறைந்தது. யாரும் ஓடவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, பார்க்கிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

ஜேடர்பாளையத்துக் கொடிக்கால்காரர் ஒருவர் வந்தது அதற்கப்புறம். வெற்றிலைக் கொடி கட்டும்போது அகத்திச் சிம்பு கண்ணில் குத்திவிட்டது. கண் செக்கச் செவேலென்று இருந்தது. சின்ன வயசில் அம்மை வார்த்து ஒரு கண் ஏற்கெனவே போனவர். மிச்சமிருந்த அந்த ஒன்றில்தான் குத்து. பெண்டாட்டி இல்லை. ஒன்பது வயசு மகள் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிவந்தாள். காதில் வேப்பங்குச்சி செருகிய பெண். தெருவில் இருக்கிற பலகையெல்லாம் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள்.

உள்ளே சொட்டுக்காரர் சொன்னது எனக்குக் கேட்டது. "மூணு வாரம், தினம் மூணு வேளை இந்தச் சொட்டு விழணும். பாப்பா விரிஞ்சே இருக்கணும். இல்லேன்னா உள்ளே ஒட்டிக்கும், பார்வை போயிடும்."

"மூணு வாரம் இங்க எப்படிங்க சாமி கெடக்கறது? ஊட்டுல இந்தப் புள்ளையத் தவர நாதியில்லீங்க. கொடிக்கா காஞ்சு போயிருமுங்க."

டாக்டருக்கு எழுதிக் கேட்டு உத்தரவு வாங்கித்தான், சீட்டு ஒட்டின புட்டி ஒன்றை முதல்தரம் வெளியே கொடுத்தார். அதற்கு நாலு நாள் ஆயிற்று. அப்பனும் மகளும் அந்த நாலு நாளும் சத்திரத்தில் இருந்தார்கள். புட்டியைக் கொடுக்கிற அன்றைக்கு அவரை உட்காரவைத்து ஒன்றுக்குப் பத்தாகச் சொன்னார்: இது விஷம், வாயில் படக்கூடாது, கையைக் கழுவ வேண்டும், உயரத்தில் வைக்க வேண்டும், கண்ணுக்கு மட்டும். அவர் திருப்பிச் சொல்கிற வரைக்கும் விடவில்லை.

மகள் அதைக் கேட்கவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் அவளை நான் முன்னறைக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டிருந்தேன். படிக்கிற பிள்ளையைக் கண்டால் எனக்கு ஒரு குஷி. முத்திரைத்தாளை நீட்டினேன், படித்தாள். பலகையைக் காட்டினேன், படித்தாள். நான் எழுதி மை காய வைத்திருந்த சீட்டைக் காட்டினேன். "விஷ... மருந்து" என்று படித்தாள். கெட்டிக்காரி என்று தலையைத் தடவி ஒரு கமர்கட்டும் கொடுத்தேன். என்னம்மா அர்த்தம் என்று கேட்டிருக்கக்கூடாதா நான்? கேட்கவில்லையே!

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், கச்சேரியில் கூட்டம் கலைகிற நேரம், ஒரு வண்டி வந்து வாசலில் முட்டி நின்றது. மாடுகள் நுரை தள்ளின. கொடிக்கால்காரர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"தேளுங்க சாமி, காலுல கொட்டிப்போட்டுதுங்க. நான் தண்ணி மொறைக்கு வாய்க்காலுக்குப் போயிட்டேனுங்க. ஊட்டுல தனியா இருந்திருக்குதுங்க. பரண் மேல ஏறி அந்தக் குப்பிய எடுத்துக் குடிச்சுப்போட்டுதுங்க. பூராத்தையும் குடிச்சுப்போட்டுதுங்க. ஏன் கண்ணு இப்படிப் பண்ணுனேன்னு கேட்டா, விஷ மருந்துன்னு எழுதியிருக்குதப்பா, தேளு விஷத்துக்குத்தானப்பாங்குதுங்க."

என் கையிலிருந்த பேனா எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. இருமல் மருந்து என்றால் இருமலுக்கு. காய்ச்சல் மருந்து என்றால் காய்ச்சலுக்கு. விஷ மருந்து என்றால்? தமிழ் படித்த எந்தப் பிள்ளையும் அப்படித்தானே படிக்கும்? எழுத்துத் தெரியாத பிள்ளையாக இருந்தால் அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கும். தேள்கடி மறுநாள் வற்றியிருக்கும்.  

சொட்டுக்காரர் பெஞ்சில் அவளைக் கிடத்தி இமையைத் தூக்கிப் பார்த்தார். கண் முழுக்கப் பாப்பா. கறுப்பைத் தவிர ஒன்றும் இல்லை. முகம் நெருப்பாகச் சிவந்து, வாய் காய்ந்து, நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் சும்மா கிடக்கவில்லை. வெறும் சுவரைப் பார்த்து விரலை நீட்டி எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். சுண்ணாம்புச் சுவர் ஐயா அது, அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் வாந்திபேதி ஊசி போடக் கிராமத்துக்குப் போயிருந்தார். நாமக்கல்லிலிருந்து வேறொரு டாக்டரைக் கூட்டிவர ஓர் ஆளைச் சைக்கிளில் விரட்டினோம். போய் வர மூன்று மணி நேரம் ஆகும். சொட்டுக்காரர் உப்புத் தண்ணீர் கரைத்து ஊட்டிப் பார்த்தார். வாய்க்குள் இறங்கவில்லை.

"அந்தச் சுருக்கற மருந்து இருக்குதே, எஸரினு! அது இதுக்கு மாத்துன்னு நீங்கதானே ஒருக்காச் சொன்னீங்க? வாயில ஊத்துங்க!" என்றேன்.

அலமாரியைத் திறந்தார். புட்டியை எடுத்தார். 

"எத்தனை சொட்டு?" என்று கேட்டார்.

"எனக்கென்னங்க தெரியும்?"

"எனக்கும் தெரியாது. இதுவும் விஷம். கூடினா நெஞ்சு நின்னுடும். குறைஞ்சா ஒண்ணும் ஆகாது. கண்ணுக்குத்தான் கணக்கு தெரியும்."

"சாகப்போற புள்ளைக்கு என்னய்யா கணக்கு! ஊத்துய்யா!" அதுவரை அவரை நான் 'ய்யா' போட்டுக் கூப்பிட்டதில்லை.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "ஒரு வார்த்தையைச் சேர்க்கச் சொன்னீங்க. சேர்த்தேன். இப்ப இன்னொண்ணை மீறச் சொல்றீங்க."

செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி இருந்திருக்காது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

அவர் அந்தப் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்தார். எஸரினைக் கண்ணில் விட்டார். வலது கண்ணில் ஒன்று, இடது கண்ணில் ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். மறுபடியும். அவள் அப்பன் ஒரு கண்ணால் அவளுடைய இரண்டு கண்ணையும் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பாப்பா சுருங்கியது. கறுப்பைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிய ஆரம்பித்தது. அந்த மனுஷர் துள்ளி எழுந்து, "ஏனுங்க, கண்ணு சரியாயிருச்சுங்க! பாருங்க, எம்புள்ள கண்ணு சரியாயிருச்சுங்க!" என்று என் கையைப் பிடித்து உலுக்கினார். சொட்டுக்காரர் நிமிரவேயில்லை. அவருடைய இன்னொரு கை அவள் நாடியின் மேல் இருந்தது. அது நின்றது அவருக்குத்தான் முதலில் தெரிந்தது. நல்ல கண்ணோடு கிடந்தாள் அந்தப் பெண். நாமக்கல் டாக்டர் வந்தபோது மூடுவதற்கு இமைகள் மட்டும்தான் மிச்சம்.

வாயில் ஊற்றியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று நாமக்கல் டாக்டரைக் கேட்டேன். பிழைத்தாலும் பிழைத்திருக்கலாம், இன்னும் சீக்கிரம் போனாலும் போயிருக்கலாம், அவ்வளவு குடித்திருக்கிறாள், சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

விசாரணைக்குச் சேலத்திலிருந்து ஒரு துரை வந்தார். தமிழ் தெரியாது. கூட ஒரு குமாஸ்தா, இங்கிலீஷில் சொல்லிக்கொடுக்க. சுவரில் இருந்த சீட்டைப் பார்த்தார், சரி. டாக்டரின் உத்தரவைப் பார்த்தார், சரி. அலமாரிப் பூட்டு சரி. எஸரினை வாயில் கொடுத்தாயா என்று கேட்டார். கொடுக்கவில்லை, கண்ணில் மட்டும்தான் விட்டேன் என்றார் சொட்டுக்காரர். மிகவும் சரி என்று துரை எழுதிக்கொண்டார். கடைசியில் காலிப் புட்டியைத் தூக்கி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். குமாஸ்தா விஷத்துக்கு ஒரு சொல்லும் மருந்துக்கு ஒரு சொல்லுமாக இங்கிலீஷில் சொன்னார். துரை முகம் மலர்ந்தது. இவ்வளவு தெளிவாக நம் ஜில்லாவில் வேறெங்கும் எழுதி ஒட்டவில்லை என்று பாராட்டினார்!

சொட்டுக்காரர் எழுந்தார். "அய்யா, அந்த வார்த்தையிலதான் தப்பு. தமிழில் அது வேற மாதிரியும் படிக்கும்" என்றார். குமாஸ்தா அவரைப் பார்த்தார், துரையைப் பார்த்தார். வண்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ரொம்ப வருத்தப்படுகிறான் என்று சொல்லி முடித்துவிட்டார். துரை சொட்டுக்காரர் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நான் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். அரைகுறையானாலும் எனக்கு இங்கிலீஷ் தெரியும். எழுந்து சொல்லியிருக்கலாம்.

அவர் எல்லாச் சீட்டையும் கிழித்துவிட்டு வெறும் 'விஷம்' என்று தானே எழுதி ஒட்டினார். கோணல் எழுத்து. என்னிடம் கேட்கவில்லை. சண்டையும் போடவில்லை. எப்போதும்போல் காலையில், "சாப்டாச்சா?" என்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் காரியம் முடிந்து ஐந்து நாள் கழித்துக் கொடிக்கால்காரர் வந்தார். தனியாக, ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு. கண் மறுபடி சிவந்து நீர் வழிந்தது. சொட்டு விழாமல் எட்டு நாளாகிவிட்டது. இன்னும் ரெண்டு நாள் போனால் அந்த ஒன்றும் போய்விடும். அது அவருக்கும் தெரியும். அதே அட்ரோபினைத்தான் விட்டாக வேண்டும், வேறு மருந்து கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்தார். சொட்டுக்காரர் புட்டியை எடுத்து வாய்விட்டுப் படிக்கப் போனார், படிக்க முடியவில்லை. புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சாமி, ஒண்ணு கேக்கோணுமுங்க" என்றார் கொடிக்கால்காரர்.

"கேளுங்க."

"பொட்டப்புள்ளையப் படிக்க வெச்சதால வந்த வினைன்னு எங்கூருல பேசறாங்க. அரையுங்கொறையுமாப் படிச்சு, இருக்கறத உட்டுப்போட்டு இல்லாததப் படிச்சுட்டாளாம். நான்தானுங்க புடிவாதமா பள்ளிக்கொடத்துக்குத் தாட்டி உட்டேன். எனக்கு எழுத்துத் தெரியாதுங்க. நீங்க சொல்லுங்க. எம்புள்ள தப்பாப் படிச்சுப்போட்டாளுங்களா?"

சொட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். நன்றாக நினைவிருக்கிறது, வெகுநேரம் காத்திருந்தார்.  நான் முத்திரைத்தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லைங்க" என்றார் அவர். "எழுதியிருந்ததை அப்படியேதான் படிச்சா. தப்பு எழுதினதுல இருக்கு."

 யார் எழுதியது என்று கொடிக்கால்காரர் கேட்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலையை அண்ணாந்து, அந்த ஒற்றைக் கண்ணை அகலத் திறந்து காட்டினார்.